நீ மனிதன்தானா?

கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை அந்த விளையாட்டே இடைமறித்து, "நீ மனிதன்தானா?" என்று கேட்கும் காலம் இது. திரையில் நான்கைந்து படங்கள் தோன்றும். ஒரே மாதிரியானவற்றைத் தொடு, தலைகீழாக நிற்கும் மிருகத்தை நிமிர்த்து, விடுபட்ட துண்டை அதன் இடத்துக்கு இழுத்துச் சென்று வை என்று ஒரு கட்டளை வரும். குறித்த வினாடிகளுக்குள் செய்து முடிக்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். சில விளையாட்டுக்களில் அன்றைய புள்ளிகளும் போய்விடும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆளுக்குப் பதிலாக ஆடிக்கொடுக்கும் மென்பொருட்கள் பெருகிவிட்டன. பையன்கள் அதனைப் 'பொட்' என்பார்கள். உரியவர் உறங்கும்போது அது விழித்திருந்து வயல் அறுக்கும், மரம் வெட்டும், படை திரட்டும், பகைவன் ஊரை வேவு பார்க்கும். அலுக்காது, பசிக்காது. அதனைப் பிடிப்பதற்கென்றே இந்தப் படப் பரீட்சை. 2016 இல் உலகமே தெருவில் இறங்கித் தேடிய 'போக்கிமொன் கோ' விளையாட்டும் அந்த ஆண்டு முடிவதற்குள் இப்படியொரு பரீட்சையை வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தப் பொட்டைப் பெற்றெடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த விளையாட்டுக்களில் 'போட்டி' என்று ஒன்று ஓயாமல் நடக்கிறது. இன்று அறுவடைப் போட்டி, நாளை கட்டடப் போட்டி, வெள்ளிக்கிழமை குழுக்களுக்கிடையிலான யுத்தம். அடுத்த வாரம் அதே போட்டி வேறு நிறத்தில், வேறு பெயரில் திரும்பி வரும். நோன்புப் பெருநாளுக்கு ஒரு பிறை, நத்தாருக்கு ஒரு தொப்பி என்று திரையின் மூலையில் அலங்காரம் மாறும். செய்ய வேண்டிய வேலை மாறாது. ஒரே பொத்தானை நானூறு தடவை அழுத்துவதுதான் போட்டி. யார் அதிகம் அழுத்தினாரோ அவர் பட்டியலில் மேலே. மனிதனை இயந்திரத்தைப் போல நடக்கப் பழக்கிவிட்டு, பிறகு நீ இயந்திரமா என்று அவனிடமே கேட்பது வேடிக்கையான நீதி. எனக்கு இந்த வேடிக்கைக்குள் ஒரு பழைய கேள்வி தெரிகிறது. எந்தக் காரியத்தை இன்னொருவரைக் கொண்டு செய்விக்கலாம், எதனை நாமே செய்தாக வேண்டும் என்ற கேள்வி அது.

1950 இல் அலன் டியூரிங் என்ற ஆங்கிலக் கணித மேதை 'மைன்ட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் ஒரு பரீட்சையை முன்வைத்தார். திரைக்கு அப்பால் இருப்பது மனிதனா இயந்திரமா என்பதை எழுத்துமூல உரையாடலைக் கொண்டு ஒரு மனிதன் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நீதிபதி மனிதன், கூண்டில் நிற்பது இயந்திரம். 2003 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் வொன் ஆன், மனுவேல் புளும் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து 'கெப்ச்சா' பற்றி எழுதியபோது இடங்கள் மாறின. நீதிபதியின் ஆசனத்தில் இயந்திரம் அமர்ந்தது, மனிதன் கூண்டில் ஏறினான். கோணல்மாணலாக எழுதிய எழுத்துக்களை வாசித்துக்காட்டி அவன் தன்னை மனிதன் என்று நிரூபித்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. 2007 இல் அதே வொன் ஆன், கோடிக்கணக்கான மக்கள் இந்தப் பரீட்சையில் செலவழிக்கும் வினாடிகள் வீணாவதைக் கண்டு, 'ரீகெப்ச்சா'வை உருவாக்கினார். பழைய நூல்களிலும் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் பழைய இதழ்களிலும் கணினியால் வாசிக்க முடியாத சொற்களை மக்களிடம் காட்டி வாசிப்பித்தார். 2009 இல் கூகிள் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. பின்னர் வீதி விளக்கைத் தொடு, பஸ்ஸைத் தொடு என்று வந்த படங்கள் எல்லாம் இயந்திரத்துக்குப் பார்வை கற்பிக்கும் பாடங்களாயின. நாம் மனிதர் என்று நிரூபித்த ஒவ்வொரு தடவையும் கூலியில்லாத ஒரு வேலையைச் செய்துகொடுத்தோம். பழைய நூல்கள் மீண்டன என்பது நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் நம்மிடம் கேட்டுவிட்டா வேலை வாங்கினார்கள்?

இயந்திரத்துக்குள் மனிதனை ஒளித்துவைக்கும் வித்தை பழையது. 1770 இல் வியன்னா அரசவையில் வொல்ப்காங் வொன் கெம்ப்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் பொம்மையொன்றைக் காட்டினார். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக ஒரு துருக்கியரின் உருவம். ஐரோப்பாவுக்கு அன்று மாயமும் மர்மமும் என்றால் முஸ்லிமின் தலைப்பாகை வேண்டியிருந்தது போலும். 1809 இல் நெப்போலியனே அதனோடு ஆடித் தோற்றான். பெட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு சதுரங்க விற்பன்னர் ஒருவர் மறைந்திருந்தார் என்பதுதான் இரகசியம். 1854 இல் பிலடெல்பியாவில் ஏற்பட்ட தீயில் அந்தத் துருக்கியர் கருகிப்போனார். பெயர் மட்டும் பிழைத்தது. சின்னஞ்சிறு வேலைகளை உலகெங்கும் உள்ளவர்களிடம் சில்லறைக் காசுக்குப் பிரித்துக்கொடுக்க அமேசன் நிறுவனம் 2005 இல் தொடங்கிய சேவைக்கு 'இயந்திரத் துருக்கியர்' என்றே பெயர் வைத்தார்கள்.

உண்மையான முஸ்லிம் பொறியியலாளர் ஒருவரின் இயந்திரங்களை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். தியார்பக்ரில் அர்துகீ மன்னர்களின் அவையில் இருந்த அல்ஜஸரீ 1206 இல் நிறைவுசெய்த தமது நூலில், நீரின் ஓட்டத்தாலும் மிதவைகளாலும் இயங்கும் பொறிகளை ஒவ்வொரு ஆணியும் தெரியும்படி வரைந்து விளக்கியிருக்கிறார். உள்ளே ஆள் ஒளிந்திருக்கவில்லை. அடிமையோ பணிப்பெண்ணோ தமக்கு வுழூவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லை என்பதற்காக அவர் ஒரு பொறி செய்தார். பாவை தண்ணீர் வார்க்கும். ஆனால் முகத்தையும் கைகளையும் கழுவிக்கொண்டவர் மன்னர்தான். பொறி எதுவரை வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹெவ்லொக் டவுனில் வாழ்பவனுக்கு இந்தச் சிந்தனை வெறும் நூலறிவாக இருக்க முடியாது. 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய வீதி இது. வீதியின் ஒரு பக்கம் ரக்பி மைதானங்கள், இசிபத்தன கல்லூரி. தெற்கே போகப் போக வெள்ளவத்தை. இன்று 'ஹெவ்லொக் சிட்டி' என்ற பெயரில் கண்ணாடியும் கொங்கிரீட்டுமாக உயர்ந்து நிற்கும் தொடர்மாடிகள் இருக்கும் அதே காணியில்தான் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933 இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு சம்பந்தப்பட்டது. கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள் தொழிற்சங்கத்துக்குள் காலடி வைத்தது அங்கேதான். ஆலையில் வேலை செய்தவர்களில் மலையாளிகள் பலர். அறுந்த நூலை முடி, ஓடும் கதிரைக் கவனி, மீண்டும் முடி. இயந்திரத்தின் வேகத்துக்கு மனிதக் கை ஓடியாக வேண்டும். சங்கு ஊதும்வரை அதே அசைவு.

இப்போது அந்த நிலத்தின் மேல் பத்தாவது மாடியிலோ இருபதாவது மாடியிலோ ஒரு பையன் கட்டிலில் படுத்தபடி கட்டைவிரலால் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பான். அவனுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவன்தான் ரீலோட் போட்டுக் காசு கொடுக்கிறான். ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யலாம் என்பதாவது அன்றிருந்தது.

எனக்கு உறவான பையன் ஒருவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவன். பொட் வைத்து ஆடுகிறான் என்று அவனது உம்மா முறையிட, விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவன் தயங்கவேயில்லை.

"மாமா, ரா மூணு மணிக்கு எழும்பி ஒரு பட்டன அமத்துறத்துக்கு மனுசன் வேணுமா? அந்த வேலய பொட் செய்யுது, நான் தூங்குற. பொட் இல்லாட்டி நான்தான் எழும்பணும். எது நல்லம், நீங்களே சொல்லுங்களேன்."

"அப்ப ஏன் ஆடுற? விட்டுட வேண்டியதுதானே."

"விட்டா டீம் தோத்துப்போகும் மாமா. அவங்க என்னய நம்பி ஈக்கிறாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விடயம் இருக்கிறது. அதற்கு முன் அவனது முதல் நியாயத்தைப் பார்ப்போம். அது எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல.

பிறரைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்விப்பதை நமது சட்ட அறிஞர்கள் 'வகாலத்' என்ற தலைப்பின் கீழ் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். வாங்கலாம் விற்கலாம், ஆள் வைத்துச் செய்யலாம். ஸகாத்தை உரியவரிடம் சேர்ப்பிக்க ஒருவரை நியமிக்கலாம். உடல் இயலாதவருக்காக வேறொருவர் ஹஜ்ஜுச் செய்யலாம். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவருக்காக இன்னொருவர் தொழ முடியாது. ஏன் இந்த வித்தியாசம்? ஸகாத்தின் நோக்கம் ஏழையின் கையில் பொருள் போய்ச் சேர்வது. யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சேர்ந்துவிடும். தொழுகையில் போய்ச் சேர வேண்டிய பொருள் என்று வெளியே ஒன்றுமில்லை. நிற்பதும் குனிவதும் நெற்றியை நிலத்தில் வைப்பதுமான அந்த ஆளே அங்கு பொருள். ஒலிப்பதிவு செய்த பாங்கை ஒலிபரப்பினால் போதாது, முஅத்தின் ஒருவர் நின்று சொல்ல வேண்டும் என்று உலமாக்களில் பெரும்பாலோர் கருதுவதும் இதே அடிப்படையில்தான். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் நிய்யத் வைத்த ஒருவர் இருக்கிறார், மற்றதில் இல்லை.

இந்த அளவுகோலை விளையாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். விளையாட்டு தொழுகையின் பக்கமா, ஸகாத்தின் பக்கமா? வணக்கத்தையும் கேளிக்கையையும் ஒரு தராசில் வைக்கிறேன் என்று யாரும் கோபிக்கக் கூடாது. காரியத்தின் அமைப்பைத்தான் பேசுகிறேன். மச்சானோடு கெரம் ஆட ஒரு கூலிக்காரனை அனுப்பிவிட்டு, "நான் வென்றேன்" என்று எவரும் மகிழ்வதில்லை. ஆடுகிறவரின் பிரசன்னம்தான் ஆட்டம். பாடம் முடித்த பிள்ளையை ஆடவிடாமல் தடுப்பது அதன் உள்ளத்தைச் சாகடித்துவிடும் என்ற கருத்தில் இமாம் கஸ்ஸாலி எழுதியதும், ஆட்டத்தினால் பிள்ளையின் உள்ளத்துக்குக் கிடைக்கும் ஒன்றை நினைத்துத்தான். அது பொட்டுக்குக் கிடைக்காது.

அப்படியானால் ஒரு காரியத்தை முழுவதும் பொட்டிடம் ஒப்படைத்துவிட்டு, எதனையும் இழக்காமல் நிம்மதியாக உறங்க முடிகிறது என்றால், அது தொடக்கத்திலிருந்தே விளையாட்டாக இருக்கவில்லை என்றுதான் பொருள். நானூறு தடவை அழுத்தும் போட்டி விளையாட்டின் உடையணிந்த ஆலை வேலை. பையனின் பொட் அந்த உடையைக் கழற்றிக் காட்டுகிறது. இந்த அளவில் நான் அவன் பக்கம்.

நிறுவனங்களின் முறைப்பாட்டை நான் பெரிதாக மதிக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. காசு கொடுத்தால் மூன்று நாள் காத்திருப்பு மூன்று வினாடியாகச் சுருங்கும் வசதியை அதே நிறுவனங்கள்தாம் விற்கின்றன. உழைப்பைத் தாண்டிக் குதிப்பது ஏமாற்று என்றால், காசு கொடுத்துக் குதித்தவன் எப்படி உத்தமன் ஆனான்? திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளையும் விற்கிறார்கள். அதனை 2018 இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. நமக்கு 'மைஸிர்' பற்றிச் சொல்ல பெல்ஜியம் வர வேண்டியதில்லை. சூதுக்கடை நடத்துபவர் வாசலில் நின்று, உள்ளே வருபவர் நேர்மையானவரா என்று பரிசோதிக்கிறார்.

ஆனால் பையனின் இரண்டாவது வாக்கியம், "அவங்க என்னய நம்பி ஈக்கிறாங்க" என்றது, அவனையே மடக்குகிறது. நிறுவனத்துக்கு அவன் கடன்பட்டிருக்கிறானோ இல்லையோ, அணியில் இருக்கும் ஐம்பது பேருக்குக் கடன்பட்டிருக்கிறான். எதிரணியில் இருப்பவர்களுக்கும்தான். மலேசியாவிலோ மதுரையிலோ நித்திரை முறித்து எழுந்து பொத்தானை அழுத்துகிறவன், மறுபுறம் தன்னைப்போல் ஒருவன் விழித்திருக்கிறான் என்று நினைத்தே போட்டியிடுகிறான். அவனுக்குத் தெரியாமல் பொட்டை நிறுத்தியது கலப்படம். தானியக் குவியலின் மேல் காய்ந்ததைப் பரப்பி, நனைந்ததை அடியில் வைத்து விற்றவரை நபிகளார் கண்டித்த சம்பவம் நாம் குத்பாக்களில் கேட்டு வளர்ந்தது. அங்கு நனைந்த தானியத்தை விற்றது குற்றமாக இருக்கவில்லை, மறைத்ததே குற்றமாக இருந்தது. பொட்டும் அப்படித்தான்.

போட்டியில் இயந்திரம் இறங்குவதே அநீதி என்று நான் நினைக்கவில்லை. வளைகுடா நாடுகளில் ஒட்டகப் பந்தயங்களுக்குப் பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான் போன்ற நாடுகளின் ஏழைச் சிறுவர்களை ஏற்றி ஓட்டினார்கள். எடை குறைந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குழந்தைகளைப் பட்டினி போட்ட கொடுமையும் நடந்தது. 2005 இல் கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் சிறுவர்களைத் தடைசெய்து, ஒட்டகத்தின் முதுகில் ரொபோக்களை ஏற்றின. மனிதச் சவாரிக்குப் பழகிய ஒட்டகங்கள் மிரளாதிருக்க ஆரம்பகால ரொபோக்களுக்கு மனித முகச்சாயலும் உடையும் கொடுத்தார்கள். அங்கே இயந்திரம் வந்தது ரஹ்மத்தாகத்தான். எல்லோரும் அறிய, எல்லோருக்கும் ஒரே விதியாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அந்தப் பரீட்சைக்கு வருவோம். ஒருவனை நிறுத்தி, உன்னை நிரூபி என்று கேட்பது இந்நகரத்துக்குப் புதிதல்ல. 1958 இல் சிங்களப் பத்திரிகையை வாசி, பௌத்த சுலோகத்தைச் சொல் என்று கேட்டார்கள். 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாளியைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்றார்கள். 'பால்திய' என்ற சொல்லின் முதல் எழுத்தை வல்லினமாக உச்சரிக்கிறானா மெல்ல அதிரவிட்டு உச்சரிக்கிறானா என்பதில் ஓர் உயிர் தங்கியிருந்தது. தமிழில் எழுதினால் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துத்தான், சோதனையே எழுத்தில் காணாமல் போய்விடுகிறது. அந்தச் சொல்லும் போர்த்துக்கேயர் கொண்டுவந்து போட்டது என்பது இன்னொரு கொடுமை. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தையிலும் அதை அண்டிய இடங்களிலும் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை, கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் காட்டவில்லை என்று பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2019 ஏப்ரலுக்குப் பின் நமது பெண்கள் எத்தனை வாசல்களில் எதனையெல்லாம் நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுத் திரையில் தோன்றும் நான்கு படங்களை இந்தத் துயரங்களுக்குச் சமமாக்குவது அபத்தம். ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. இவ்வகைச் சோதனைகள் எல்லாம் தேடுகிறவனை விட்டுவிட்டுத் தேடாதவனைத்தான் அதிகம் துன்புறுத்துகின்றன. வன்முறைக் கும்பலிடம் தடுமாறியவன் குற்றவாளியல்ல, பயந்தவன். படப் பரீட்சையில் தோற்பவர்களும் கண்பார்வை குறைந்தவர், விரல் நடுங்கும் முதியவர், மெதுவான தொலைபேசி வைத்திருப்பவர். பொட் தோற்பதில்லை. 2010 அளவிலேயே இந்தியாவிலும் பங்களாதேஷிலும் சீனாவிலும் ஆயிரம் புதிருக்கு ஏறத்தாழ ஒரு டொலர் கூலிக்கு, மற்றவர்களின் இயந்திரங்களுக்காக 'நான் மனிதன்' என்று நிரூபித்துக் கொடுக்கும் தொழிலாளர்கள் இருந்தார்கள். கெம்ப்பலனின் பெட்டிக்குள் மீண்டும் மனிதர்கள்! 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வெளியானபோது அதனை உருவாக்கியவர்களே ஒரு சம்பவத்தை அறிவித்தார்கள். பரிசோதனையின்போது அது இணையத்தின் மூலம் ஓர் ஆளைப் பிடித்து இந்தப் புதிரை அவிழ்த்துத் தரும்படி கேட்டது. நீ ரொபோவா என்று அவர் கேட்டதற்கு, இல்லை, தனக்குப் பார்வைக் குறைபாடு என்று பதில் சொல்லியது. அந்த ஆளும் செய்துகொடுத்தார். இரக்கம் காட்டியதால் ஏமாந்த அவரைவிட மேலான மனித அத்தாட்சி அந்தச் சம்பவத்தில் வேறில்லை. ஆனால் பரீட்சை அதை அளப்பதில்லை.

பொட் எழுதுபவர்கள் இப்போது ஒரு தந்திரம் செய்கிறார்கள். அழுத்தல்களுக்கு இடையே சமமற்ற இடைவெளி விடுவது, சற்றுத் தள்ளித் தொடுவது, இடையிடையே பிழைவிடுவது. பிழைவிட்டால்தான் மனிதனாகத் தெரியும் என்று கண்டுகொண்டார்கள். 'இன்ஸான்' என்ற சொல் 'நிஸ்யான்', அதாவது மறதி என்பதிலிருந்து வந்தது என்று கூறும் அரபு மொழியறிஞர்கள் உண்டு. நெருக்கம் என்று பொருள்படும் 'உன்ஸ்' என்பதே வேர் என்போரும் உண்டு. எந்த வேரானாலும் இயந்திரத்துக்குப் பொருந்தாது.

ஒரு நாளைக்கு ஐந்து வேளை, பதினேழு றக்அத், அதே அசைவுகள், அதே சொற்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இதுவும் திரும்பத் திரும்ப அழுத்தும் பொத்தான்தான். ஆனால் இந்தத் திரும்பச் செய்தலுக்குள் மறதிக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்றா நான்கா என்று எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால், உறுதியான குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸுஜூது அதிகமாகச் செய் என்கிறது ஷாபிஈ மத்ஹப். ஸஹ்வு ஸுஜூது என்று மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குத் தவறியவனை வெளியே தள்ளாமல், புள்ளியைப் பறிக்காமல், தவறிய நெற்றியை இன்னும் இரண்டு தடவை நிலத்தில் வைக்கச் சொல்லும் ஒழுங்கு இது. தஸ்பீஹ் எண்ணுவதற்கு இப்போது விரலில் மாட்டும் சிறு கருவி வந்திருக்கிறது. அது அழுத்தலை எண்ணும். திக்ரை எண்ண அதற்கு வழியில்லை.

பையனிடம் நான் கேட்டது ஒன்றுதான். பொட் வைத்திருப்பதை அணிக்குச் சொல்லிவிடு, எதிரணியும் அறியட்டும், பிறகு அவர்கள் பாடு. அவன் அன்றிரவே குழுவில் எழுதிவிட்டான். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். மற்றவர்களில் பாதிப்பேர், தாங்களும் நெடுநாளாக அதையே செய்வதாகச் சொன்னார்களாம். மீதிப்பேர் எந்தப் பொட் நல்லது என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை யுத்தத்தில் இரு பக்கமும் எத்தனை மனிதர் விழித்திருந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது.